காவடிப் பலகையில் காணாமல் போன துளைகள்

இன்று சிலிபின் வட்டாரத்தில் இருக்கும் என் லேசர் வெட்டும் கடையில் என் மானம் போனது.

தைப்பூசக் காவடிக்கு மயில் உருவம் வெட்டச் சொல்லி, போன வாரம் ஓர் அண்ணன் வரைபடம் அனுப்பினார். பல கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை இருந்தன. அப்படியே விட்டால் லேசர் ஒரே இடத்தில் இருமுறை ஓடிப் பலகையைக் கருக்கிவிடும்.

உட்கார்ந்து இரட்டைக் கோடுகளை நீக்கினேன். ஓரமெங்கும் கிடந்த குட்டி வட்டங்களையும் குப்பை என்று அழித்தேன். பாதி நேரத்தில் வெட்டி முடிந்தது. எனக்கே பெருமை.

பலகையை வாங்கிப்போன அண்ணன், அதற்குச் சாயம் அடித்து, காவடியில் பொருத்தி, இன்று காலை வேனில் கொண்டுவந்தார்.

“வேலை ரொம்ப சுத்தமா இருக்கு தம்பி. ஆனா மயிலிறக எங்க கட்டுறது லா?”

அந்த வட்டங்கள்தான் நூல் கோக்கும் துளைகள். கோடுகளை அவ்வளவு உற்றுப் பார்த்தவனுக்கு, எதற்கென்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அவர் திட்டவில்லை. “டிரில் இருக்கா? வா, போட்டுரலாம்.”

மதியம்வரை இருவரும் நூற்றெட்டுத் துளை போட்டோம். ஒவ்வொன்றுக்கும் அவர் “முருகா” என்றார். நான் “சாரிண்ணே” என்றேன்.

மிஷினுக்கு நான் மிச்சம் பிடித்தது இருபது நிமிடம்.

நீங்கள் கேட்காமல் எதை அழித்தீர்கள்? சொல்லுங்கள், எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.