தீர்மானத்துக்குக் கீழே என் கையெழுத்து

1. லிஃப்ட் கதவில் ஒட்டிய தாள்

ஒரு சனிக்கிழமை காலை பால் வாங்கக் கீழே இறங்கியபோது லிஃப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாசலில் உள்ள சாய்தளம் புதன்கிழமை இடிக்கப்படும், அந்த இடத்தில் கார் நிறுத்தப்படும், பொதுக்குழுவில் இது ஒருமனதாக முடிவானது என்று எழுதி, அசோசியேஷன் செயலாளர் பாஸ்கர் கையெழுத்திட்டிருந்தார்.

நாங்கள் இருப்பது நெல்லித்தோப்பில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அபார்ட்மெண்ட். என் மகள் மதுவுக்குப் பிறவியிலேயே கால்களில் பலம் இல்லை. சக்கர நாற்காலியில்தான் கல்லூரிக்குப் போய் வருகிறாள். லிஃப்டிலிருந்து தெருவுக்கு மூன்று படிகள். படிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சாய்தளம்தான் அவளுக்கு வாசல். என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வியாழக்கிழமை மதுவுக்கு செமஸ்டர் பரீட்சை தொடங்குகிறது.

மேலே வந்து சொன்னேன். மது சிரித்தாள். "என்னைத் தூக்க ரெண்டு பேரு வேணும். நீ அரை ஆளு. மீதி ஒன்றரை ஆளுக்கு எங்கம்மா போவ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகப் பாஸ்கர் வீட்டுக்குப் போனேன். டிராவல்ஸ் நடத்துகிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

"மேடம், எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. நீங்களும் சைன் போட்டிருக்கீங்களே."

"நான் வெறும் பக்கத்துல போட்டேன் பாஸ்கர். மதுவுக்கு பிசியோதெரபி இருந்துச்சுன்னு உடனே கிளம்பிட்டேன். ராம்ப் பத்திப் பேச்சே வரல."

அவர் உள்ளே போய் மினிட்ஸ் நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீங்க செகரட்டரியா இருந்தப்பவும் இப்படித்தானே மேடம்? சைன் முதல்ல வாங்கிடு, அப்புறம் எழுதிக்கலாம்னு நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

நோட்டின் எல்லாப் பக்கங்களையும் மொபைலில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

2. பதினைந்தாம் கோடு

புதிதாக அலுவலக வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைச் சற்று விளக்குகிறேன். ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஸ்டாஃப் மீட்டிங் முடிந்ததும் டீச்சர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தேடிக் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. அதனால் காபி வரும்போதே நோட்டைச் சுற்றுக்கு விடுவேன். பக்கத்தின் பதினைந்தாம் கோட்டிலிருந்து கையெழுத்துகள். மேலே உள்ள இடத்தில் நான் பிறகு எழுதிக்கொள்வேன். "கெட்டிக்காரப் பொண்ணு" என்று அந்நாளைய ஹெட்கிளார்க் பாராட்டினார்.

அபார்ட்மெண்டில் நான்கு வருடம் செயலாளராக இருந்தபோது அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தேன். பாஸ்கரிடம் நோட்டை ஒப்படைத்தபோது பழக்கத்தையும் சேர்த்தே ஒப்படைத்திருக்கிறேன்.

3. இரண்டு வக்கீல்கள்

உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னதன் பேரில் அன்றே தவளக்குப்பத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நான் பையிலிருந்து கிரயப் பத்திரத்தை எடுக்கும் முன்பே, "இதெல்லாம் ஒரு மேட்டரே இல்லம்மா, ஸ்டே வாங்கிடலாம்" என்றார். வக்காலத்துத் தாளை நீட்டினார். எதுவும் நிரப்பாத தாள். "இங்க ஒரு சைன், இங்க ஒரு சைன்." பேனாவை எடுத்துவிட்டேன். இருபத்தாறு வருடப் பழக்கம் கையில் இருக்கிறது. ஆனால் பேனா தாளைத் தொடவில்லை. "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று எழுந்தேன்.

மதியம் பார்த்தது வசந்தி வக்கீலை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். மீனவர் ஊரான வைத்திக்குப்பத்தில் பிறந்தவர், பேச்சில் அந்த வேகம் இருந்தது. பத்திரம், அனுமதி வரைபடம், அசோசியேஷன் விதிகள் அடங்கிய பைலா எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் படித்தார். பிறகு கேட்டார்: "உங்களுக்கு இன்னா வேணும்? கேஸ் ஜெயிக்கணுமா, ராம்ப் நிக்கணுமா?"

"ராம்ப்."

"நல்லது. கேஸு வருஷக்கணக்குல போவும். நாளைக்கும் அதே லிஃப்ட்லதான அவங்க மூஞ்சில முழிக்கணும்?"

அனுமதி வரைபடத்தில் சாய்தளம் இருக்கிறது, பத்திரத்தில் பொது வழியில் எங்களுக்கும் பங்கு உண்டு, பொது இடத்தை மாற்றுவதென்றால் அதைக் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்று பைலா சொல்கிறது. இவை நமக்குப் பலம் என்றார். பிறகு மொபைல் படங்களைத் தள்ளிப் பார்த்தார்.

"உங்க காலத்துலயும் இப்படித்தான் சைன் வாங்குனீங்களா?"

"இல்லைங்க. ஒழுங்காத்தான்" என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

அவர் மொபைலை என் பக்கம் திருப்பினார். "இங்க ரெண்டு வரி விஷயத்த அரைப் பக்கத்துக்கு இழுத்து எழுதியிருக்கீங்க. இங்க இடம் பத்தாம எறும்பு மாதிரி நெருக்கியிருக்கீங்க. சைன் மட்டும் எல்லாப் பக்கத்துலயும் ஒரே கோட்டுல ஆரம்பிக்குது. எனக்கே தெரியுதுன்னா எதிர்ப் பார்ட்டி வக்கீலுக்குத் தெரியாதா?"

ஒப்புக்கொண்டேன்.

"வக்கீல்கிட்ட மறைச்சா நான் இருட்டுல அடிக்கிற மாதிரி. பாஸ்கர் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது ஆறு பேர் இருக்க வேண்டும், அதுதான் கோரம். கையெழுத்திட்டவர்கள் ஒன்பது. பேச்சு தொடங்கும் முன்பே கிளம்பியவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். வெறும் பக்கத்தில் கையெழுத்திட்டுக் கிளம்பிவிட்டோம் என்று அந்த நான்கு பேரும் எழுதிக் கொடுத்தால் மிச்சம் ஐந்துதான், தீர்மானமே செல்லாது. ஒருவர் மறுத்தாலும் கோரம் நிற்கும். "ஞாயித்துக்கிழமைக்குள்ள மூணு கடிதம் கொண்டாங்க" என்றார்.

4. செல்வம் வீடு

இரண்டு வீடுகளில் பிரச்சினை இல்லை. மூன்றாவது மேல்மாடி செல்வம். கம்பெனியில் ஃபோர்மேன். கதவைத் திறந்ததும், "வாங்க எக்ஸ் செகரட்டரி" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். என் காலத்திலும் அப்படித்தான் நடந்தது என்பதையும் சொன்னேன்.

"மணி ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவர் வளர்த்த நாய். நான் செயலாளராக இருந்தபோது, வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் எழுதியவள் நான்.

"அன்னிக்கு நான் காபி குடிச்சிட்டு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன். மறுநாளு லிஃப்ட்ல ஒட்டியிருந்தீங்க. சண்டைக்கு வந்தா, உங்க சைனே இருக்குன்னு காட்டுனீங்க. நானே சைன் போட்டுட்டு இன்னா பேசறது? எங்கக்கா வூட்ல கொண்டுபோய் வுட்டுட்டு வந்தேன்."

"தப்புதான் செல்வம். நான் செஞ்சது தப்பு."

மது பரீட்சைக்குப் போக முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதும் வேறொரு வெறும் பக்கம் என்று தோன்றியது.

"நின்னுகினே பேசாதீங்க, உள்ள வாங்க" என்றார் கடைசியில். பேனாவும் தாளும் கொடுத்தார். "எழுதுங்க. எழுதி முடிச்ச பின்னாடிதான் சைன். மணி விஷயத்தையும் எழுதுங்க."

எழுதினேன். இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். அதோடு நிற்காமல், எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் மிச்சமிருந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

5. செவ்வாய்க்கிழமை

திங்கட்கிழமை வசந்தி வக்கீல் நான்கு கடிதங்களையும் வரைபட நகலையும் இணைத்து நோட்டீஸ் அனுப்பினார். செவ்வாய் மாலை அவசரக் கூட்டம். பாஸ்கர் முகம் கறுத்திருந்தது. "மேடம், வேணும்னே பண்ணல" என்றார். "தெரியும், நான் சொல்லிக் குடுத்ததைத்தான் நீங்க செஞ்சீங்க" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். தீர்மானம் ரத்தானது. நாய்த் தீர்மானத்தையும் ரத்து செய்ய நானே முன்மொழிந்தேன். வியாழக்கிழமை மது சாய்தளத்தில் இறங்கிப் பரீட்சைக்குப் போனாள். அவள் ஆட்டோவில் ஏறும்வரை வாசலிலேயே நின்றேன். இன்றும் லிஃப்ட் கதவில் எந்தத் தாளைக் கண்டாலும் நின்று கடைசி வரி வரை படிக்கிறேன்.

பள்ளியில் இப்போது நோட்டைக் கடைசியில்தான் தருகிறேன். எழுதி, படித்துக்காட்டி, காலி இடத்தில் கோடு போட்ட பிறகு. "பஸ் போயிடும் மேடம்" என்று டீச்சர்கள் முணுமுணுக்கிறார்கள். போகட்டும். நீங்களும் வக்கீலிடம் போனால், உங்கள் காகிதங்களைப் படிக்காமல் கையெழுத்துக் கேட்பவரிடம் பேனாவைத் தொடாதீர்கள். படித்துவிட்டுக் கேட்பவரிடம், உங்களுக்கு எதிரானதை முதலில் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு செல்வம் மணியை அழைத்துவரத் தவளக்குப்பத்தில் உள்ள அக்கா வீட்டுக்குப் போனார். மாலையில் வெறுங்கையோடு திரும்பினார். சாய்தளத்தருகே நின்றிருந்த என்னைப் பார்த்து நின்றார்.

"வரல மேடம். என்னப் பார்த்து வால ஆட்டுச்சு. கூப்ட்டேன், ஓடியாந்து கைய நக்குச்சு. அப்புறம் திரும்பிப் போய் எங்கக்கா காலாண்ட படுத்துக்குச்சு."