இரண்டு சரவணபவ நேரம்: முனி வளைவில் நின்ற வண்டி

அன்று வண்டியில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஓட்டியவர் என் கணவர் சிவலிங்கம். பக்கத்தில் நான், மடியில் பூத்தட்டோடு. பின் இருக்கையில் என் கணவரின் அக்கா இராசம்மா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அதற்கும் பின்னால், திறந்த தட்டில், எட்டு மூட்டை சீமெந்தும் ஒரு வெண்கல மணியும். ஆள் யாரும் இல்லை. இந்தக் கணக்கை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று பேர்.

கார்த்திகை மாதத்து ஒரு புதன்கிழமை அது. நாங்கள் பதுளையில் இருக்கிறோம். அண்ணி இருப்பது நமுனுகுலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசன் தொழிலாளர் லயத்தில். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். அங்கே உள்ள முருகன் கோயிலில் தைப்பூசத்துக்கு முன் புது மணி கட்டுவதாக நேர்ந்திருந்தார். மணியைத் தட்டிப் பார்த்து வாங்குவதற்காக முதல் நாளே எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்துவிட்டார். கோயில் படிக்கு சீமெந்தும் தேவைப்பட்டதால், நாங்கள் புதிதாக வாங்கிய பழைய கெப் வண்டியில் மூவரும் கிளம்பினோம்.

காலை 10.20க்குப் புறப்பாடு. பசறை வரை 19 கிலோமீட்டர், வழி முழுக்க வளைவுதான். பசறைக்கு முன் ஒரு ஏற்றத்தில், முன்னால் போன பஸ் ஆள் ஏற்ற நின்றது. நாங்களும் நின்றோம். பஸ் நகர்ந்ததும் இவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி பின்னால் சரியவே இல்லை. ஏற்றத்தில் அப்படியே ஒரு கணம் நின்று, பிறகு முன்னே போனது.

அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. இவர் இருபது வருடம் ஓட்டிய பழைய லொறியிலிருந்து எத்தனையோ தடவை இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தவர் அவர். "தம்பி, காலத்தான் எடுத்துட்டியே, இப்ப யாரு வண்டியப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"அது கம்ப்யூட்டர் பிடிக்குதுக்கா. இனி ஒனக்கு வேல இல்ல" என்றார் இவர்.

அதன் விவரம் எனக்குத் தெரியும். வண்டியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். அகராதியை வைத்துக்கொண்டு இருபத்தொரு நாளில் படித்து முடித்தேன். அதில் இருந்ததை என் வார்த்தையில் சொல்கிறேன். வண்டி சரிவில் நிற்கிறது என்பதை உள்ளே இருக்கும் ஒரு உணர்கருவி கண்டுகொள்ளும். நாம் பிரேக்கை அழுத்தும்போது குழாயில் ஏறும் எண்ணெய் அழுத்தத்தை, கால் எடுத்த பிறகும் ஒரு வால்வு மூடி வைத்துக்கொள்ளும். அதனால் நாலு சக்கரமும் பிடிபட்டே இருக்கும். அந்த இடைவெளியில் நாம் கிளச்சை விட்டு எக்ஸலரேட்டரை மிதித்தால், இஞ்சின் வண்டியை இழுக்கத் தொடங்கியதும் வால்வு திறந்துவிடும். இழுக்காவிட்டாலும் திறந்துவிடும். எங்கள் வண்டியில் அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு விநாடி. அவ்வளவுதான்.

விநாடி முள் உள்ள கடிகாரம் என்னிடம் இல்லை. "ஓம் சரவணபவ" என்று நிதானமாகச் சொன்னால் ஒரு விநாடி. பசறை தாண்டி ஆள் இல்லாத ஓர் ஏற்றத்தில் மூன்று தடவை சோதித்தோம். மூன்று தடவையும் இரண்டு சரவணபவ முடியும் வரை வண்டி நின்றது, மூன்றாவதில் சரிந்தது. இவருக்குச் சிரிப்பு. "உன் முருகன் ரெண்டு எண்ற வரைக்கும்தான் பொறுப்பாரு போல" என்றார்.

பசறையிலிருந்து நமுனுகுலை 13 கிலோமீட்டர். 12.35க்குச் சேர்ந்தோம். அங்கே ஒரு தேநீர்க் கடையில் மூன்று பிளேன்டி, ஆறு வடை, 480 ரூபாய். கடைக்காரர் மேலே பார்த்துவிட்டு, மூடுபனி இறங்குகிறது, ஒரு மணிக்குள் ஏறிவிடுங்கள் என்றார். வடை ஆறும் முடியும் வரை நாங்கள் கேட்கவில்லை. 1.15க்குத்தான் தோட்டத்துப் பாதையில் திரும்பினோம். அங்கிருந்து மேல் டிவிசன் நாலு கிலோமீட்டர்.

இரண்டாவது கிலோமீட்டரில் தேயிலை காடாகிவிடுகிறது. அந்த மலையைக் கைவிட்டுப் பல வருடம் ஆகிறது. செடிகள் ஆளுயரத்துக்கு மரமாக நிற்கின்றன. கொழுந்து எடுக்க யாரும் வருவதில்லை. பனி வந்ததும் முன்கண்ணாடிக்கு அப்பால் பத்தடிதான் தெரிந்தது. இஞ்சின் சத்தம்கூடப் பஞ்சுக்குள் போனது போல அடங்கிவிட்டது. நான் கந்தசஷ்டி சொல்லத் தொடங்கி, எந்த அடியில் இருக்கிறேன் என்பதை இரண்டு தடவை மறந்தேன்.

அந்த இடத்தில்தான் முனி வளைவு. பாதையின் இடது ஓரத்தில், மண்ணோடு மண்ணாக ஒரு சின்ன முனியாண்டி. முன்னால் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஏழு கற்கள் வரிசையாக இருக்கும். ஏறிப்போகிற வண்டி எதுவும் அங்கே நிற்க வேண்டும். ஒருவர் இறங்கிக் கற்பூரம் ஏற்ற வேண்டும். பிறகு ஒரு கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். வண்டி ஏறியதும், வைத்தவரே அதைக் கொண்டுபோய் வரிசையில் சேர்க்க வேண்டும். வைத்த கைதான் எடுக்க வேண்டும், வேறு கை தொடக் கூடாது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம் இது.

வண்டி சிலையைச் சற்றுத் தாண்டி நின்றது. அண்ணி இறங்கி, கதவைச் சாத்தி, பின்பக்கமாக நடந்தார். இவர் கண்ணாடியை இறக்கி, "கல்லு வேணாம்கா, கற்பூரம் மட்டும் ஏத்திட்டு வா" என்றார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முதல் கியர் போட்டு, கிளச்சையும் பிரேக்கையும் மிதித்துக்கொண்டிருந்தார். ஹேண்ட் பிரேக்கை இழுக்கவில்லை. இது அவர் தவறு. நான் கேட்கவில்லை. இது என் தவறு.

பக்கக் கண்ணாடியில் அண்ணியின் முதுகு மங்கலாகத் தெரிந்தது. பின் சக்கரத்துக்கு ஐந்தடி கீழே, பாதை ஓரத்தில் குந்தியிருந்தார். ஈரத்தில் குச்சி பற்றவில்லை போலும். "தம்பி, பையில இன்னொரு நெருப்புப்பெட்டி இருக்கு, எடு" என்று குரல் வந்தது.

பை பின் இருக்கையில். இவர் உடம்பைத் திருப்பிக் கையை நீட்டினார். இடது கால் கிளச்சிலேயே இருந்தது. வலது கால் பிரேக்கை விட்டு வந்துவிட்டது.

பழக்க தோஷம், நான் எண்ணினேன். ஓம் சரவணபவ. ஓம் சரவணபவ. கண்ணாடியில் அந்த முதுகு அசையாமல் இருந்தது. மூன்றாவதைச் சொல்ல வாய் திறந்தபோது வண்டி பின்னால் போகத் தொடங்கியது.

நானூறு கிலோ சீமெந்தோடு வண்டி இரண்டடி போயிருக்கும். பிறகு மொத்தென்று முட்டி நின்றது. துணி சுற்றிக் கட்டியிருந்த மணி ஒரே ஒரு முறை, உள்ளுக்குள் அடித்தது. இவர் திரும்பி விழுந்தடித்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

நான் இறங்கிப் போனேன். இடது பின் சக்கரத்துக்கு அடியில் மஞ்சள் கல் ஒன்று இறுகிக் கிடந்தது. முனிக்கு முன்னால் எண்ணிப் பார்த்தேன், ஆறு. அண்ணி வைத்ததுதான் நம்மைக் காப்பாற்றியது என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"நான் வைக்கலையே. நீதான எறங்கி வந்து வச்ச?"

நான் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தேன் என்றேன். அவர் முகம் மாறியது.

"எனக்குப் பின்னால நடந்து வந்துச்சே. செருப்பில்லாத காலு. கல்ல எடுக்கிற சத்தமும் கேட்டுச்சு. கற்பூரம் ஏத்தறப்ப திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நான் பாக்கல."

நான் செருப்போடு நின்றேன். இவர் வண்டியில் இருந்தார். பனிக்குள் மேலும் கீழும் கூப்பிட்டுப் பார்த்தோம். யாருங்க, யாருங்க என்று இவர் குரல் போய், ஒன்றுமில்லாமல் திரும்பியது. பிறகு கற்பூரம் முதல் குச்சியிலேயே பற்றியது.

கல்லை எடுத்து வைக்க இவர் குனிந்தார். அண்ணி தடுத்துவிட்டார். வண்டியை முறைப்படி, ஹேண்ட் பிரேக்கோடு சேர்த்து ஏற்றினோம். கல் பாதையிலேயே கிடந்தது. 1.58க்கு மேல் டிவிசன். இறங்கும்போது 4.10, அப்போதும் அங்கேயே கிடந்தது. ஒதுங்கி வந்தோம்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நமுனுகுலை வரை பஸ் உண்டு. அதற்கு மேல் வண்டி வேண்டும். கார்த்திகை, மார்கழியில் நண்பகலுக்குள் ஏறிவிடுங்கள். வண்டியில் இந்த ஏற்றப் பிடிப்பு இருந்தால் அதை நம்பலாம், ஆனால் கிளம்புவதற்கு மட்டும். நிற்பதற்கு அது இல்லை. நிற்கிறீர்கள் என்றால் ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். பாரம் ஏற்றியிருந்தால், செங்குத்தான சரிவில் அந்த இரண்டு விநாடிகூடக் கிடைக்காமல் போகலாம் என்று கையேட்டிலேயே இருக்கிறது. யாராவது பின்னால் நடந்தால் இஞ்சினையும் நிறுத்துங்கள். இவர் இப்போது வீட்டு வாசலில்கூட ஹேண்ட் பிரேக் இழுக்கிறார்.

முருகன் காப்பாற்றினார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யார் கையால் என்பதுதான் தெரியவில்லை. அண்ணி மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வைத்தே எல்லாரிடமும் கேட்டிருக்கிறார். அந்த நேரம் அந்தப் பாதையில் நடந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. கல் இன்னும் பாதையிலேயே கிடக்கிறதாம். தோட்டத்து லொறிகூட அதைச் சுற்றித்தான் போகிறது. அது வரிசைக்குத் திரும்பாமல் மணியைக் கட்ட மாட்டேன் என்கிறார் அண்ணி. மணி அவர் லயத்து அறையில் சாக்கு போர்த்தி இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். அந்தப் புதன்கிழமை, மதியம் ஒன்றரை மணி சுமாருக்கு, முனி வளைவில் ஒரு சாம்பல் நிற கெப் வண்டிக்குக் கல் வைத்தவர் நீங்கள் என்றால், அல்லது அவரை உங்களுக்குத் தெரியும் என்றால், கீழே ஒரு வரி எழுதுங்கள். வந்து அந்தக் கல்லை எடுத்து வைத்துவிட்டுப் போனால் போதும். கூட்டிப் போக நாங்கள் வருகிறோம். தைப்பூசத்துக்கு அதிக நாள் இல்லை. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.