பிரேக்கில் இருந்த கால்

1. கம்பி

முதல் நாள் என் ஜீப்பில் ஏறியவருக்கு வலது கையில் விரல்கள் இல்லை. மணிக்கட்டைக் கம்பியில் கொடுத்து ஏறினார். போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். அவர் போனதும் நான் டெட்டால் வாங்கி வந்து அந்தக் கம்பியைத் துடைத்தேன். சீட்டையும் துடைத்தேன். பிறகு என் கையைக் கழுவினேன்.

அதற்கு முன் பல வருசம் நான் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினேன். விடியுமுன் போடியில் பெண்களை ஏற்றி, மலை ஏறிப் போடிமெட்டு தாண்டித் தோட்டத்தில் விடுவேன். சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவேன். முதலாளி வண்டியை விற்றுவிட்டார். மலையடிவாரத்தில் தொழுநோயாளிகளுக்கு ஒரு இல்லம் இருக்கிறது. அங்கே டிரைவர் வேலை காலி என்றார்கள். பயந்துகொண்டேதான் போனேன். வேறு வேலை இல்லை.

வீட்டில் என் சம்சாரம் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"எதையும் தொட்டுத் தொலைக்காத. வந்தா வெளியவே குளிச்சிட்டு உள்ள வா."

அப்படியே செய்தேன்.

2. ரூத் டீச்சர்

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். பெயர் ரூத். அவர் ஊரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் இல்லாமல் சில மாதம் வேலை செய்ய வந்திருந்தார். காலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம். மத்தியானம் இல்லத்தில் நோயாளிகளின் கால்களைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடுவார்.

தமிழை நோயாளிகளிடம் கற்றுக்கொண்டார். அதனால் மரியாதையும் அதட்டலும் கலந்துதான் வரும்.

"ராசு அண்ணே, வாங்க. தண்ணி கொண்டா வெரசா."

எல்லாரும் சிரிப்பார்கள். நான் வாளியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அங்கே செல்வி என்று ஒரு சுகாதாரப் பணியாளர் இருந்தது. பக்கத்து ஊர், சிலமலைப் பொண்ணு. வாய் கொஞ்சம் அதிகம்.

"அண்ணே, தொட்டா ஒட்டுற நோய் இல்லண்ணே இது. மாத்திர ஆரம்பிச்சிட்டா அவுககிட்டருந்து யாருக்கும் பரவாது. நீங்க டெட்டால் போட்டுத் தொடைச்சதுல வண்டி பளபளன்னு ஆச்சு. அதான் மிச்சம்."

"சரித்தா" என்றேன். துடைப்பதை நிறுத்தவில்லை.

3. வெறுங்கால்

புதிதாக வண்டி எடுக்கும் பையன்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

போடிமெட்டு ரோட்டில் அந்தக் காலத்து டிரைவர்கள் செருப்புப் போட்டு ஓட்ட மாட்டார்கள். ஸ்டாண்டிலேயே செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டுவிடுவோம். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் சொன்னது இது:

"வெறுங்கால வச்சு மிதி. பிரேக்கு எம்புட்டுப் பிடிக்குதுன்னு உள்ளங்கால் சொல்லும். செருப்பு சொல்லாது."

ஏற்றத்தில் லோடோடு போகும்போது இன்ஜின் சூடு தரைத் தகடு வழியாகக் காலுக்கு வரும். சுடும். அதற்காகச் சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வோம். கொஞ்ச வருசத்தில் சுடுவது குறைந்துவிடும். சாக்கு விலகிக் கிடந்தாலும் தெரியாது. அதைக் கால் பழகிவிட்டது என்போம். அது எங்களுக்குள் ஒரு பெருமை. யார் கால் பழகியதோ அவன்தான் மலை டிரைவர்.

என் வலது கால் நன்றாகவே பழகியிருந்தது. என் கூட்டாளி கருப்பையா ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லுவான்.

"ராசு காலு இரும்புடா. தீயில நின்னாலும் பீடி கேப்பான்."

எனக்கு அது சந்தோசமாக இருந்தது.

4. இறகு

மலைக்கு மேலே தோட்டத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஏலக்காய் எடுக்கும் எங்கள் பக்கத்து ஆட்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். செல்வி அங்கே பிள்ளைகளின் தோலைப் பார்ப்பது உண்டு. நிறம் வெளுத்த தேமல் இருந்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். உணர்ச்சி இல்லை என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

பிள்ளைகள் பயந்து ஓடின. தாய்மார்கள் அதைவிடப் பயந்தார்கள். நோய் என்று தெரிந்தால் தோட்டத்தில் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அதனால் ரூத் டீச்சர் அதை விளையாட்டாக மாற்றினார். ஒரு பிள்ளை கண்ணை மூட வேண்டும். இன்னொரு பிள்ளை கோழி இறகால் எங்காவது தொடும். தொட்ட இடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவுட்டு. பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய், எங்கே பார்த்தாலும் இறகும் கையுமாகத் திரிந்தன.

அன்று தோல் பார்க்கும் வேலை சாயங்காலம் வரை இழுத்தது. நான் கூட்டிவந்த செல்வியும் டீச்சரும் உள்ளே இருந்தார்கள். நான் ஜீப்பின் பின்சீட்டில் காலை வெளியே நீட்டிப் படுத்திருந்தேன். மூன்று நாலு பிள்ளைகள் வந்து சுற்றி நின்றன. துர்கா என்ற பிள்ளைதான் பேசியது.

"டிரைவர் மாமா, கண்ண மூடுங்க."

மூடினேன். காதில் தொட்டது, காட்டினேன். முழங்கையில் தொட்டது, காட்டினேன். பிறகு ஒன்றும் இல்லை. காத்திருந்தேன்.

"மாமா அவுட்டு."

"நீ தொடவே இல்லையே."

"தொட்டேன். உள்ளங்கால்ல. ரொம்ப நேரமாத் தடவுறேன்."

"பொய்."

"நீங்கதான் கள்ளாட்டம். வேணும்னே சிரிக்காம இருக்கீங்க."

மற்றப் பிள்ளைகளும் கள்ளாட்டம், கள்ளாட்டம் என்று கத்தின. நானும் சிரித்தேன். பழகிய கால் அல்லவா. அத்தோடு விட்டுவிட்டேன்.

5. இறக்கம்

திரும்பும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தோட்டத்து ஜீப் ஒன்று பழுதாகி நின்றதால், ஏலக்காய் எடுத்துவிட்டு வந்த பெண்கள் எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். ராசிங்காபுரத்துப் பேச்சியம்மாளும் அதில் இருந்தது. என்னைப் பழைய நாளிலிருந்து தெரியும்.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தினேன். டீக்கடைச் சேட்டன் கிளாசை நீட்டிக்கொண்டே கீழே பார்த்தார்.

"எந்தா ராசு, காலு பொள்ளிப்போயோ?"

குனிந்து பார்த்தேன். வலது உள்ளங்காலின் ஓரத்தில் பெரிய கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, ஈரமாக இருந்தது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். சாக்கு ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. தகட்டில் தோல் ஒட்டியிருந்தது.

விரலால் அந்த இடத்தை அமுக்கினேன். ஊசி குத்துவது போல வலிக்க வேண்டிய இடம். ஒன்றும் இல்லை. வேறு யாரோ ஒருவரின் காலை அமுக்கியது போல இருந்தது.

அப்போதுதான் இறகு ஞாபகம் வந்தது. இல்லத்தில் தொட்டிக்கு முன் வரிசையாக உட்காருகிறவர்கள் ஞாபகம் வந்தது. அவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்வார்கள். சுட்டது தெரியல. ஆணி ஏறினது தெரியல.

டீயைக் குடிக்க முடியவில்லை. 

"என்னப்பா நிக்கிற? மழ வருதுல்ல. வெரசா எடு" என்று பேச்சியம்மாள் பின்னாலிருந்து கத்தியது.

இத்தனை நாள் இதே காலோடு இறங்கினோம், இன்றைக்கும் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். வண்டியை எடுத்தேன்.

முதல் வளைவை இரண்டாவது கியரில் திருப்பினேன். மூடுபனி, எங்கள் பக்கம் மஞ்சு என்போம், ஏறிக்கொண்டிருந்தது. தடுப்புச் சுவர் பாதிதான் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்று நினைத்தேன். வண்டி குறையவில்லை. கீழே குனிந்து பார்த்தால், பாதம் பிரேக்கின் விளிம்பில் தொத்திக்கொண்டிருக்கிறது. புண்ணின் ஈரத்தில் வழுக்கியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது சுவர் பக்கத்தில் இருந்தது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இன்ஜின் ஆஃப் ஆகிக் குலுங்கி நின்றது. பின்னால் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். மஞ்சு மூடியிருந்ததால் ஆழம் தெரியவில்லை.

இறங்கி டயருக்கு முன்னால் கல் வைத்தேன்.

"என்னண்ணே ஆச்சு?" என்றது செல்வி.

சொன்னால் வேலை போகும். ஸ்டாண்டில் யாரும் என் வண்டியில் ஏற மாட்டார்கள். வீட்டில் வெளியே குளித்துவிட்டு வரச் சொன்னவள் இனி உள்ளே விடுவாளா தெரியாது. சொல்லாவிட்டால் இன்னும் இத்தனை வளைவு இருக்கிறது. பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

"காலு தெரியலத்தா" என்றேன். "பிரேக்குல இருக்கா இல்லையான்னு பாத்துத்தான் தெரியுது."

 செல்வி குனிந்து என் காலைப் பார்த்தது. பேனா மூடியால் தொட்டது. கணுக்காலுக்குப் பின்னால் நரம்பை அழுத்திப் பார்த்தது. பாண்ட்டைத் தூக்கச் சொன்னது. கெண்டைக்காலுக்குப் பின்னால், நானே பார்க்காத இடத்தில், வெளுத்த படை இருந்தது.

"டாக்டர் பாத்துத்தான் சொல்லணும்ணே. சர்க்கரை இருந்தாலும் கால் மரத்துப்போகும்" என்றது. அதன் முகம் வேறொன்று சொன்னது.

பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தது.

"அடப்பாவி மனுசா. இம்புட்டு நாளா இந்தக் கால வச்சா எங்கள எறக்குன?"

நான் குனிந்து கல்லை இன்னும் உள்ளே தள்ளினேன். 

கொஞ்ச நேரத்தில் கருப்பையாவின் ஜீப் மேலிருந்து வந்தது. ஆள் அதிகம் இல்லை. நிறுத்தினான்.

"என்ன மாப்ளே, கல்ல வச்சுட்டு நிக்கிற? இரும்புக்கு துரு பிடிச்சிருச்சா?"

செல்வி அவனிடம் தனியாகச் சொன்னது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "எல்லாரும் இதுல ஏறுங்க" என்றான்.

பெண்கள் என் வண்டியிலிருந்து இறங்கினார்கள். ஒருத்தி கம்பியைப் பிடிக்காமல் குதித்து இறங்கினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கருப்பையாவின் வண்டியில் பெண்கள் ஒரு பக்கமாக நெருக்கி உட்கார்ந்தார்கள். எதிர் சீட்டு எனக்கு மட்டும் என்று ஆனது. டீச்சருக்கு முன்சீட்டில் இடம் விட்டிருந்தார்கள். அவர் அங்கே போகவில்லை. பின்னால் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ராசு அண்ணே, காலு கொண்டா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பையிலிருந்து துணி எடுத்துக் கட்டினார். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். அவர் கை பட்டது தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மலை இறங்கும் வரைக்கும் நான் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் வண்டி மஞ்சுக்குள் தனியாக நின்றது.

6. ஸ்டாண்டில்

டாக்டர் அதே நோய்தான் என்றார். மாத்திரை சும்மாவே கொடுத்தார்கள். முதலில் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்றார். சொல்லியும் பயந்தேன். ஒழுங்காக மாத்திரையை முழுங்கினேன். நோய் குணமாகிவிட்டது. உள்ளங்காலில் உணர்ச்சி கொஞ்சம்தான் திரும்பியது. கட்டைவிரல் பக்கம் இருக்கிறது. ஓரத்தில் இல்லை. முன்பே பார்த்திருந்தால் அதுவும் இருந்திருக்கும் என்றார்.

வீட்டில் என் சம்சாரம் ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் தட்டில் சோறு போட்டு, "வாசல்ல ஏன் நிக்கிற, உள்ள வந்து தின்னு" என்றாள்.

மலை ரோட்டில் நான் இப்போது ஓட்டுவதில்லை. அது நானே எடுத்த முடிவு. இல்லத்தில் நோயாளிகளுக்கு மெத்து ரப்பரில் செருப்புத் தைக்கும் இடத்தில் இருக்கிறேன். கம்பியைத் துடைக்கும் டெட்டால் பாட்டில் எங்கே போனது என்று தெரியாது. டீச்சர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். போகுமுன் கோழி இறகு ஒன்றை என் சட்டைப் பையில் சொருகிவிட்டுப் போனார்.

அந்த இறகோடு நானும் செல்வியும் அவ்வப்போது ஜீப் ஸ்டாண்டுக்குப் போகிறோம். டிரைவர்களின் காலைத் தொட்டுப் பார்க்கிறோம். முதலில் கேலி செய்தார்கள். வண்டிக்கு மட்டும் எஃப்.சி. எடுக்கிறீர்களே, காலுக்கு எடுக்க வேண்டாமா என்று செல்வி கேட்ட பிறகு உட்கார்ந்தார்கள்.

கருப்பையா மட்டும் நழுவிக்கொண்டே இருந்தான். போன வாரம்தான் பிடித்து உட்காரவைத்தேன்.

"எனக்கெல்லாம் கால் பழகிருச்சு மாப்ளே."

"அதுக்குத்தான் கூப்புடுறேன். கண்ண மூடு."

மூடினான். உள்ளங்காலில் இறகை வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாக இழுத்தேன். அப்போதும் சொல்லவில்லை. அன்று மஞ்சுக்குள் சுவரைப் பார்த்தபோது வந்த பயம் அப்படியே திரும்பி வந்தது. 

"மாப்ளே" என்றேன்.

"இருடா. குறுகுறுங்குது. பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றான்.

பையன்களே, சுட்டால் சுட வேண்டும். சுடவில்லை என்றால் யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.