யோகராணி வீட்டு வாசலில் விழுந்த கோடு

யோகராணி அக்கா கார்ட்டியர்வில் பகுதியில், கார்டெரி என்னும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைப்பவர். எங்கள் தமிழ் மன்றத்தில் அந்தப் பகுதியின் பிரதிநிதியும் அவர்தான். மன்றத்தின் வாடகை மண்டபம் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வயதான பெண்கள் பிள்ளைகளின் தயவில்லாமல் வந்து கூடிய ஒரே இடம் அது. அதை மூடிவிட்டு இல்-பிசார் தீவில் சொந்தக் கட்டடம் வாங்க வேண்டும் என்பது செயலாளர் ரதீசனின் ஆசை. பஸ் எப்போதாவதுதான் வரும் அந்தத் தீவுக்குக் கிழவிகள் எப்படிப் போவார்கள் என்று கேட்டு, ஒவ்வொரு முறையும் அக்கா அதைத் தடுத்துவிடுவார்.

ஆனாலும் ரதீசன் முகம் கோணியதில்லை. அக்காவின் மகள் பிரஷாந்தினிக்குக் கலியாணம் வந்தபோது, கார் ஓட்டத் தானே முன்வந்தான். நம்மவர்களுக்குத் தபாலில் கார்ட் அனுப்பினால் அவமானம். வீடு வீடாய்ப் போய்ச் சொல்ல வேண்டும். போன வீடெல்லாம் அவனும் உள்ளே வந்து தேநீர் குடித்தான். யார் அக்காவின் கையைப் பிடித்து விடமாட்டேன் என்கிறார்கள், யார் வாசலோடு அனுப்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். அக்கா அவனுக்கு நண்டுக் குழம்போடு சோறு போட்டு, தம்பி இல்லாத குறை தீர்ந்தது என்றார்.

கலியாணம் முடிந்த கையோடு, வரும் தேர்தலுக்குப் பகுதிகளின் ஆள்கணக்கைச் சமப்படுத்துகிறோம் என்று கூட்டம் கூட்டித் திரையில் புது வரைபடத்தைக் காட்டினான். அக்காவின் ஆட்கள் மூன்று பகுதிகளாகச் சிதறியிருந்தார்கள். அவருடைய வீடு இல்-பிசாரோடு ஒட்டப்பட்டிருந்தது. வசிக்கும் பகுதியில்தான் போட்டியிடலாம் என்பது மன்ற விதி.

"சட்டப்படிதான் அக்கா. எல்லாப் பகுதியிலயும் ஆக்கள் சமம்," என்றான்.

"சமம்தான் தம்பி. நாங்கள் தேத்தண்ணி குடிச்ச வீடுகள் மட்டும் ஏன் துண்டு துண்டாப் போச்சுது?"

அவன் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டான். உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்தவனை அன்று அறைந்திருக்க வேண்டும். கைதட்டினோம்.

தேர்தலன்று, அக்காவின் எதிர்வீட்டுச் சிவநேசம் அம்மா வாக்குச்சீட்டோடு அவரிடம் வந்தார்.

"பிள்ளை, இதில உன்ர பேரைக் காணேல்லை. விலகிட்டியோ?"

"இல்லை அம்மா. கோடு எங்கட ரெண்டு வாசலுக்கும் நடுவால போகுது. இனி நீங்கள் எனக்குப் போடேலாது."

சிவநேசம் அம்மா யாருக்கும் போடாமல் சீட்டை மடித்துப் பெட்டியில் இட்டார். அக்கா தோற்றார், மண்டபமும் மூடப்பட்டது. புதுக் கட்டடத்தைச் சிவநேசம் அம்மா இன்னும் பார்க்கவில்லை. கூட்டிப்போக மகனுக்கு நேரமில்லையாம்.