லண்டனிலிருந்து பதினோரு மணி நேரம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பன்னிரண்டு வருஷம் மெஷின் ஓட்டியவன், அளந்து பார்க்க முடியாத எதையும் ஒத்துக்கொண்டதில்லை. நீங்களும் இதை நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் லண்டனுக்குப் போயிருந்தேன். மனைவி செல்வியும் நான்கு வயது மகள் யாழினியும் கள்ளிக்குப்பத்தில், செல்வியின் தம்பி முருகனோடு இருந்தார்கள். செல்விக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. தினமும் வீடியோவில் கூப்பிட்டு, "எப்போய்யா வர்றே?" என்பாள். லீவு கேட்டால் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்களோ என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவள் விடாமல் கூப்பிட, எரிச்சலில், "ஏர்போர்ட்லதான் கீறேன், பிளைட்டு ஏறப்போறேன், பதினோரு மணி நேரத்துல அங்க இருப்பேன்" என்று சொல்லிவிட்டு போனை அணைத்துவிட்டேன். உண்மையில் ரூமில் படுத்திருந்தேன். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவளுக்கு எப்படித் தெரியப்போகிறது.

மறுநாள் போனைப் போட்டதும் முருகன் பேசினான். அக்கா தலைவாரி, பச்சைப் புடவை கட்டி, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"பத்து மணி நேரம் ஆச்சு, இன்னும் ஒரு மணி நேரம்தான்னு சொல்லிச்சு மாமா. அதோட போயிருச்சு. நீ எங்க கீறே?"



அன்றைக்கு நிஜமாகவே ஏறினேன். ஜன்னலோர இடம், பக்கத்து இருக்கை காலி. எதிரே இருந்த சின்னத் திரையில் மிச்ச நேரம் குறைந்துகொண்டே வந்து, ஒரு மணி நேரம் என்பதில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் முன் வரிசைக்காரர் திரையில் ஐம்பது நிமிடம், நாற்பது நிமிடம் என்று இறங்குகிறது. பணிப்பெண் வந்து அணைத்துப் போட்டாள், மறுபடியும் ஒரு மணி நேரம்.

அவள் நகர்ந்ததும் காலி இருக்கையிலிருந்து செல்வியின் குரல். "இன்னாய்யா, இப்பத்தான் ஏறுனியா?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் தூங்கவில்லை, குடிக்கவும் இல்லை. திரும்பினேன், யாருமில்லை. ஆனால் மூச்சு என் காதில் பட்டது.

"நான் காத்துகினு கெடந்தேன்ல. இனிமே நீ கெட."

சக்கரம் தரையைத் தொட்டது, எல்லோரும் பெட்டியை இறக்கினார்கள், என் திரை மட்டும் அசையவில்லை.

வீட்டில் செல்வியை எனக்காக ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற யாழினியைத் தூக்கப் போனேன். அவள் பின்வாங்கி முருகனின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா, யாரு இவரு?"

"உங்கப்பாதாம்மா."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

மூன்று வருஷமாகிறது. லண்டனை விட்டுவிட்டு இங்கேயேதான் இருக்கிறேன். டாக்டர்களிடம் காட்டியாயிற்று, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள், கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறாள். சுவரில் மாட்டியிருக்கும் என் போட்டோவைக் காட்டினால் "அப்பா" என்று சரியாகச் சொல்கிறாள், இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார் என்கிறாள்.

இன்று காலை குனிந்து ஷூ மாட்டிவிட்டேன். "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.