அளவுக்கு நின்றவர்

அவளை எல்லோரும் தடியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. தடி கடைகிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கத்தோலிக்க ஆயர்கள் பூசையில் பிடிக்கும் வளைந்த தலைச் செங்கோலும், நாடகத்து மந்திரவாதி தரையில் தட்டி இடி வரவழைக்கும் கோலும் அவளுடைய ஒரே கடைசல் இயந்திரத்தில் பிறந்தவைதான். ஒன்றின் தலையில் சிலுவை, மற்றதில் பச்சை விளக்கு. மற்றபடி உடன்பிறப்புகள்.

கோலை ஆளின் உயரத்துக்குத்தான் செய்ய வேண்டும். ஆனால் ஆயரை வந்து நில்லுங்கள் என்று கூப்பிட முடியுமா? கணவரை நிறுத்தி அளந்துகொண்டு, ஆயரின் உயரத்தைக் கேட்டு, கூட்டியோ குறைத்தோ கடைவாள். அந்த மனுஷன் வாழ்நாளில் பார்த்த ஒரே வேலை இப்படி நின்றதுதான். அதையும் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்தார்.

அவர் இறந்த பிறகு, புது ஆயருக்கு ஒரு செங்கோல் செய்யச் சொல்லி ஆர்டர் வந்தது. கடைந்து முடித்து, அடியில் பித்தளைப் பூண் மாட்டிச் சுவரில் சாய்த்தாள். அன்று சாயங்காலமே பட்டறைக்குள் சத்தம் தொடங்கிவிட்டது. டொக். ஒரு காலடி. டொக். உயிரோடு இருந்தவரை துரும்பைக்கூட நகர்த்தாத ஆள், இப்போது நடை பழகுகிறார். தினமும் அதே சத்தம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"போயிடுய்யா. என்னை நிம்மதியா வேலை செய்ய விடு" என்று அழுதாள்.

ஆயரின் செயலர், ஒரு இளம் பாதிரியார், செங்கோலை வாங்க வந்தார். கையில் பிடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"எங்க ஆயர் என் தோளுக்குத்தான்மா வருவாரு. இது யாரோட அளவு?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆயரின் உயரத்தைக் கேட்டவள், குறைக்க மறந்திருந்தாள். பழகிய கை, கணவர் அளவுக்கே கடைந்துவிட்டது. தனக்குத்தான் என்று நினைத்து வந்துவிட்டார் போலும்.

"இருங்க ஃபாதர், இப்பவே குறைச்சுடறேன்."

பூணைக் கழற்றி, அடியில் ஒரு சாண் அறுத்தெறிந்தாள். செங்கோல் போனது. இனி வர மாட்டார் என்ற தைரியத்தில் வயிறாரச் சாப்பிட்டாள்.

சாயங்காலம், கோல் இல்லாத பட்டறைக்குள் சத்தம் வந்தது. டொக். பிறகு காலை இழுத்து இழுத்து ஒரு நடை, நடுவில் மூச்சிரைப்பு. குட்டைக் கோலை ஊன்றி, முதுகு வளைந்து நடக்கிறவரின் சத்தம் அது.

பயம் எங்கே போனதோ தெரியவில்லை.

"இடுப்பு வலிக்குதாய்யா?" என்றாள். "கொஞ்சம் உக்காரு. உனக்கு முழுசா ஒண்ணு கடைஞ்சு தர்றேன்."

புதுக் கட்டையை இயந்திரத்தில் ஏற்றினாள். அளவு எடுக்கவில்லை.