கயிறு போட்டுக் கட்டிய இரண்டு வாசல்

கணினியில் இப்போது வலை போட்டுப் பார்க்கிறார்களாம். ஒரு கட்சி காலங்காலமாக வெளியிட்ட நோட்டீஸ்களை எல்லாம் உள்ளே கொடுத்தால், எந்தச் சொல் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வருகிறது என்று புள்ளி வைத்துக் கோடு இழுத்துக் காட்டுமாம். தேர்தலுக்குத் தேர்தல் எந்தக் கோடு அறுந்தது, எது புதிதாக ஒட்டியது என்று பார்த்தால், கொள்கை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளந்துவிடலாமாம். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் சொன்னாள். நல்ல காரியம், அளக்கட்டும். அப்படி ஒரு கோடு அறுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஐம்பதுகளில் சிவகாசியில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சுக் கோர்த்துக்கொண்டிருந்தேன். ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரியாக்கும் வேலை. அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். ஆனால் அடிக்கடி வரும் வாசகத்தை எவன் பிரிப்பான்? அப்படியே கயிறு சுற்றிக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவோம். கல்யாணத்துக்கு ஒரு கட்டு, இருக்கன்குடி மாரியம்மன் கோயில் ஆடி வெள்ளிக்கு ஒரு கட்டு.

தொழிலாளிக்காகவே பிறந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு கட்சிக்கும் கட்டு இருந்தது. ‘தொழிலாளி உயிரே பெரிது. கூலியை உயர்த்து. மருந்து அறைக்கு இரண்டு வாசல் வை.’ ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதே வரிகள்தான்.

அந்தக் கடைசி வரி என் அக்காவுக்காகவே எழுதினதுபோல் இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துவது அவள் வேலை. அந்த அறைக்கு ஒரே வாசல். ஒரு கோடையில் மருந்து உரசித் தீப்பிடித்தபோது உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வாசலில்தான் முண்டினார்கள். கடைசியாக வந்த அக்காவுக்கு இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. ஆறினதும் அதே அறைக்குத்தான் திரும்பிப் போனாள். வேறு எங்கே போவாள்?

கட்சி ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதலில் இரண்டு வாசலை நோட்டீஸின் அடிப்பக்கத்துக்குத் தள்ளி, சின்ன எழுத்தில் போடச் சொன்னார்கள். பிறகு கூலியை எடுத்துவிட்டார்கள். அறுபதுகளில் வந்த தேர்தலில் பட்டாசு முதலாளி ஒருவர் அவர்களோடு ஒரே காரில் வரத் தொடங்கினார். நோட்டீஸில் தொழிலாளிக்குப் பக்கத்தில் ‘ஒத்துழைப்பு’ வந்தது, ‘தொழில் அமைதி’ வந்தது. உயிரைக் காணோம், வாசலையும் காணோம். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ!

அந்தத் தேர்தலில் கடைசி நேர நோட்டீஸ் ஒன்று அவசரமாக வந்தது. ‘தொழிலாளத் தோழர்களே’ என்ற தலைப்பைப் பார்த்ததும் என் கை பழக்கத்தில் அலமாரிக்குப் போய்விட்டது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே, பிரிக்காமல் கிடந்த பழைய கட்டை எடுத்து வைத்துவிட்டேன். புரூஃப் பார்க்க வந்த கட்சிக்காரர் வேட்பாளர் பெயரைப் பார்த்தார், சின்னத்தைப் பார்த்தார், “மிஷினை ஓட்டுங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தன் கட்சி தொழிலாளிக்கு என்ன சொல்கிறது என்று படிக்க அவருக்கு நேரம் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு ஓடிவந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

“ஏலே தம்பி, எங்க கம்பெனி வாசல்ல நோட்டீஸ் குடுத்தாக. படிக்கத் தெரிஞ்சவ ஒருத்தி வாசிச்சுக் காட்டுனா. ரெண்டாவது வாசல் வைக்கப் போறாகளாமே! எம்புட்டு நாளாக் கேக்கோம்! பொம்பளைக எல்லாம் கும்புட்டுக்கிட்டு வந்தோம்.”

எனக்குச் சுருக்கென்றது. பிரஸ்ஸுக்கு ஓடிக் கட்டைப் பார்த்தபோதுதான் நடந்தது புரிந்தது. அதற்குள் கட்சிக்காரர் வந்து குதித்துக்கொண்டிருந்தார்.

“எவன்லே இதைப் போட்டது? எங்க மானமே போச்சு!”

“நீங்க எழுதிக் குடுத்ததுதான் அண்ணாச்சி. ஒரு எழுத்துகூட நான் சேக்கலை.”

“அது அப்போ!”

“அப்போ வெந்த கை இப்பவும் அப்படியேதான் இருக்கு, அண்ணாச்சி. வந்து பாக்கீகளா?”

கட்டைப் பிரிக்கச் சொன்னார் எங்கள் பிரஸ் முதலாளி. “நீங்களே பிரிச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டேன். அவரே அவிழ்த்தார். கொடுத்த நோட்டீஸ்களைக் கட்சிக்காரர்கள் ஜனங்களின் கையிலிருந்து திரும்ப வாங்கினார்கள். வெட்கமாவது மண்ணாவது! வாசல் இல்லை, அச்சுப் பிழை என்று கம்பெனி கம்பெனியாகச் சொல்லிவிட்டும் போனார்கள். மிச்ச நோட்டீஸ் கட்டுகள் கழிவுக் காகிதத்தோடு லோடு ஏறிப் போயின. அந்தக் கட்சிதான் ஜெயித்தது.

ஜெயித்த வாரத்தில் அக்கா வேலை முடிந்து வந்து, மடியிலிருந்து மருந்து நிரப்பாத ஒரு வெறுங்குழாயை எடுத்தாள். எங்கள் ஊரில் வெடிக்குழாய் சுற்றுவது கழிவுக் காகிதத்தில்தான்.

“ஜெயிச்ச கட்சி ஊர்வலத்துக்கு அவசர ஆர்டர்னு விரட்டுதாக. காகிதம் உங்க பிரஸ் காகிதம் மாதிரி இருந்துச்சு. என்னலே எழுதியிருக்கு?”

பிரித்தேன். வெட்டின துண்டில் ஒரு வரி முழுசாக இருந்தது. “மருந்து அறைக்கு இரண்டு வாசல் வை” என்று வாசித்தேன்.

அக்கா அந்தத் துண்டை வாங்கி, வெந்த கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

“அப்படின்னா நெசமாவே வாசலு அறைக்குள்ள வந்துருச்சுலே. நாந்தான் தெரியாம, காலையில இருந்து அதுக்குள்ள மருந்தைச் செலுத்திக்கிட்டு இருந்திருக்கேன்.”

மறுநாள் விடிந்ததும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அதே ஒற்றை வாசல் அறைக்குப் போனாள்.